கறிக்கடையை மூடக் கூட்டம் போட்ட நாய்

ஒரு காட்டில், ஓடை இரண்டாகப் பிரிகிற இடத்தில், வரியன் என்ற கழுதைப்புலி கறிக்கடை வைத்திருந்தது. மான் கறியோ முயல் கறியோ அங்கே கிடைக்காது. மானும் முயலும் வேகமாக ஓடும். துரத்திப் பிடிக்க வரியனுக்குச் சோம்பல். அதனால் காட்டோரத்தில் குடியிருந்த நாய்களையும் பூனைகளையும் பதுங்கியிருந்து பிடித்து விற்றது.

"நாய்க்கறி தின்றால் மூட்டுவலி பறந்து போகும்! பூனைக்கறி தின்றால் மங்கிய கண் பளிச்சென்று தெரியும்!" என்று கடை வாசலில் நின்று கூவும். மூட்டுவலிக்காரக் கரடியும், கண் மங்கிய ஓநாயும், அவற்றைப் பார்த்து மற்ற விலங்குகளும் வந்து வரிசையில் நிற்கும்.

கம்பளியன் என்று ஒரு நாய். உடம்பெல்லாம் சடைமுடி, பெரிய தொண்டை. ஒரு நாள் காலை தண்ணீர் குடிக்கப் போன அதன் தங்கை திரும்பி வரவில்லை. கம்பளியன் மூன்று நாள் சோறு தண்ணீர் இல்லாமல் அழுதது. நான்காம் நாள் ஒரு பாறைமேல் ஏறி நின்றது.

"இந்தக் கடையை மூடாமல் நான் ஓயமாட்டேன்!" என்று குரைத்தது.

கீழே நின்ற நாய்கள் எல்லாம் வாலால் தரையைத் தட்டின. டப், டப், டப்! அந்தச் சத்தம் கம்பளியனுக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. இன்னொரு முறை கேட்டால் தேவலை என்று தோன்றியது. அந்த நிமிடம் தங்கையின் முகம்கூடக் கொஞ்சம் விலகித்தான் நின்றது.

அன்றே நாய்கள் பாதுகாப்புச் சங்கம் தொடங்கியது. தலைவர் கம்பளியன். செயலாளர் கம்பளியன். சிறப்புப் பேச்சாளர் யார் என்று யாரும் கேட்கவில்லை.

சாம்பலி என்ற பூனை மெல்ல வந்து நின்றது. அதிகம் பேசாது, எதையும் கூர்ந்து பார்க்கும்.

"அண்ணே, என் பிள்ளைகள் இரண்டையும் வரியன் கொண்டு போய்விட்டான். நானும் சங்கத்தில் சேரலாமா?"

கம்பளியன் தொண்டையைச் செருமிக்கொண்டது. "இது நாய்களின் சங்கம் அம்மா. பூனைகள் தனியாக ஒன்று தொடங்குங்கள். வேண்டுமானால் நான் வந்து தொடங்கி வைத்துப் பேசுகிறேன்."

வாரம் ஒரு கூட்டம் நடந்தது. "நாளை உச்சி வேளைக்கு மூங்கில் மேட்டில் கூட்டம்! எல்லோரும் வாருங்கள்!" என்று காடே அதிரக் கம்பளியன் முதல் நாளே கூவிவிடும். பேசும்போது கண்ணை மூடிக்கொள்ளும். அப்போதுதான் அதற்குப் பேச்சு நன்றாக வரும்.

முதல் கூட்டத்துக்கு இருபத்து மூன்று நாய்கள் வந்தன. அடுத்த வாரம் இருபது. பிறகு பதினெட்டு. ஆறாவது கூட்டத்தில் கம்பளியனோடு சேர்த்துப் பன்னிரண்டுதான் இருந்தன.

"நம் இனத்துக்குப் பொது நலத்தில் ஆர்வமே போய்விட்டது" என்று கம்பளியன் வருத்தப்பட்டது.

மரத்தின் மேலிருந்து சாம்பலி சொன்னது: "ஆர்வம் போகவில்லை அண்ணே, ஆட்கள்தான் போய்விட்டார்கள். இடத்தையும் நேரத்தையும் நீங்களே கூவிச் சொல்கிறீர்கள். கூட்டம் முடிந்து திரும்புகிற வழியில் வரியன் புதருக்குள் உட்கார்ந்திருக்கிறான்."

"பூனைக்குப் பொறாமை" என்று கம்பளியன் மூக்கைச் சுளித்தது.

அடுத்த நாள் வரியனே நேரில் வந்தது. கழுத்தில் கொன்றைப்பூ மாலை. அதைக் கழற்றிக் கம்பளியனுக்குப் போட்டது.

"தலைவரே! நேற்றுப் புதர் மறைவில் நின்று உங்கள் பேச்சைக் கேட்டேன். மனம் கரைந்துவிட்டது. இனி எனக்குக் கடை வேண்டாம். நாளை மூடு விழா. நீங்கள்தான் வந்து பேச வேண்டும். உங்கள் ஆட்கள் ஒருவர்கூட விட்டுப்போகக் கூடாது!"

கம்பளியனுக்குப் பெருமை தாங்கவில்லை. புதர் மறைவில் ஏன் நின்றாய் என்று கேட்க அதற்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் பன்னிரண்டு நாய்களும் வரியனின் முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்தன. சுற்றிலும் உயரமான மூங்கில் வேலி. கம்பளியன் நடுவில் நின்று கண்ணை மூடிக்கொண்டு பேசியது. மிக நன்றாகப் பேசியது. முடித்துவிட்டு வால் சத்தத்துக்குக் காத்திருந்தது. சத்தமே இல்லை.

கண்ணைத் திறந்தது. வேலிக் கதவு வெளியே காட்டுக்கொடியால் இறுகக் கட்டப்பட்டிருந்தது. நாய்கள் எல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருந்தன.

கதவுக்கு வெளியே நின்று வரியன் சிரித்தது. "ஆறு வாரமாக ஒவ்வொன்றாகப் பிடித்து இடுப்பு ஒடிந்து போனேன் தலைவரே. நீங்கள் ஒரே நாளில் மொத்தமாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டீர்கள். உங்களைப் போல வேலைக்காரன் எனக்கு இதுவரை கிடைத்ததில்லை! இருங்கள், வாடிக்கைக்காரர்களைக் கூட்டிவருகிறேன்."

வரியன் போய்விட்டது. முற்றத்து மூலையில் ஒரு கொத்து முடி காற்றில் அசைந்தது. செம்பழுப்பு முடி, கம்பளியனின் தங்கைக்கு அந்த நிறம்தான். கம்பளியன் அதைப் பார்த்தது. கழுத்தில் மாலை கனத்தது.

"அண்ணே" என்று வேலிமேலிருந்து மெல்லிய குரல் கேட்டது. சாம்பலி!

"சாம்பலி! நீயா! நான் எவ்வளவு பெரிய..."

"உஷ்! குரைத்தால் அவன் திரும்பி வருவான். வாயை மூடிக்கொள்ளுங்கள், அது போதும்."

கம்பளியன் வாயை மூடிக்கொண்டது. சாம்பலி கதவுப்பக்கம் இறங்கி, கொடி முடிச்சைப் பல்லால் இழுத்து இழுத்து அவிழ்த்தது. கதவு திறந்தது. கடைக்குப் பின்னால் கூடையில் அடைபட்டிருந்த நான்கு பூனைகளையும் நாய்களே கூடையைக் கடித்துப் பிய்த்து வெளியே விட்டன.

"வேறு காட்டுக்கு ஓடிப் போகலாம் தலைவரே" என்றது ஒரு நாய்.

"என்னைத் தலைவரே என்று கூப்பிடாதே, கூச்சமாக இருக்கிறது" என்றது கம்பளியன். பிறகு பூனையின் பக்கம் திரும்பியது. "சாம்பலி, நீ சொல். என்ன செய்யலாம்?"

"வாங்க ஆள் இருக்கும்வரை அவன் பிடித்துக்கொண்டுதான் இருப்பான். வாங்குகிறவர்களிடம் பேசுவோம்."

அவை ஓடைப் பாதைக்கு வந்தபோது, எதிரே கரடியையும் ஓநாயையும் அழைத்துக்கொண்டு வரியன் வந்துகொண்டிருந்தது.

கரடி நொண்டி வந்து நின்றது. "என்ன தம்பி, கடையில் இருக்க வேண்டிய நீ வழியில் நிற்கிறாய்?"

கம்பளியனுக்குப் பெரிய பேச்சு ஒன்று தொண்டைவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டது.

"கரடி ஐயா, மூன்று வருஷமாக எங்களைத் தின்கிறீர்களே, மூட்டுவலி போய்விட்டதா?"

கரடி தலையைச் சொறிந்தது. "வலியா? அப்போது ஒரு காலில் இருந்தது. இப்போது நாலு காலிலும் இருக்கிறது."

"நம்பித் தின்ன வேண்டும் ஐயா!" என்று வரியன் குறுக்கிட்டது.

"நம்பித்தானே மூன்று வருஷமாக நொண்டுகிறேன்!" என்று கரடி உறுமியது.

"எனக்கும் அப்படித்தான்" என்றது ஓநாய். "இரண்டு மாதம் முன்பு சாம்பல் நிறத்தில் ஒரு குட்டிப்பூனை தின்றேன். மறுநாளே புளியமரத்தில் முட்டிக்கொண்டேன்."

"அது என் மகள்" என்றது சாம்பலி.

ஓநாய் தலையைக் குனிந்துகொண்டது. கரடி தன் பெரிய பாதங்களைப் பார்த்தபடி, "என் முட்டாள்தனத்துக்கு எத்தனை உயிர் போயிருக்கிறது!" என்றது. அது நேராக வரியனின் முற்றத்துக்கு நொண்டி நடந்து, மூங்கில் வேலியை முழுவதும் பிடுங்கி ஓடையில் எறிந்தது. எதிரே வந்தவர்களிடமெல்லாம் தன் கால்களைக் காட்டி, "மருந்து தின்ற லட்சணத்தைப் பாருங்கள்" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போனது.

வரியன் இன்னும் பத்து நாள் கடை வாசலில் நின்று கூவிப் பார்த்தது. ஒருவரும் வரவில்லை. பதினோராம் நாள், புலி தின்றுவிட்டுப் போட்ட எலும்பைத் தேடி மலைப்பக்கம் போய்விட்டது.

சில மாதம் கழித்து, தொலைதூரக் காட்டிலிருந்து ஒரு நாய் வந்தது. அங்கேயும் ஒரு கறிக்கடை முளைத்திருந்தது.

"உங்கள் காட்டில் கடையை மூட வைத்தது ஒரு பெரிய தலைவராமே? அவரை நான் பார்க்க வேண்டும்" என்றது.

"எதற்கு? அவரிடம் பன்னிரண்டு நாய்களை ஒரே கதவுக்குள் அடைக்கத்தான் கற்றுக்கொள்ளலாம்" என்றது கம்பளியன். "அந்தத் தலைவர் நான்தான். கடையை மூட வைத்தவள் அதோ கிளையில் தூங்குகிறாள். எழுந்ததும் கேள்."

நீதி: பிறரைக் காக்கப் புறப்பட்டவன் தன் பேச்சுக்கு எழும் பாராட்டைக் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது, கூட வந்தவர்களில் யார் குறைகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.