அப்பளக் கம்பெனிக்கு அம்பு போட்ட நால்வர்

மதுரை பைபாஸ் ரோட்டில் ஒரு கட்டடம். கீழே டயர் கடை, மேலே சாஃப்ட்வேர் கம்பெனி. ஒன்றல்ல, நாலு. நாலுக்கும் ஒரே ஹால், ஒரே குழாய், ஒரே கழிப்பறை. மூளையும் ஒன்றைத்தான் நாலு பேரும் முறை வைத்துப் பயன்படுத்துகிறார்கள் என்று டயர் கடைக்காரர் சொல்வார். அவருக்கு வாய்த் துடுக்கு ஜாஸ்தி. நான் அப்படியெல்லாம் பேச மாட்டேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நாலு முதலாளிகளில் மூத்தவர் மாசிலாமணி. தும்மல் வந்தால்கூட ஒரு கூட்டம் போட்டு முடிவெடுத்துவிட்டுத்தான் தும்முவார். அடுத்தவர் இருளப்பன், படம் வரைவதில் புலி. இது அவரே கொடுத்துக்கொண்ட பட்டம். மூன்றாமவர் ஜெயசீலன், சந்தேகம் கேட்பதற்கென்றே பிறந்த மனுஷன். நாலாவதுதான் நம்ம ஆள், குலசேகரன்.

குலசேகரனுக்கு அந்த வாரம் தூக்கமே இல்லை. காரணம் மாமனார். அவருக்கு எவர்சில்வர் பாத்திரக் கடை. ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு போட்டு, வெற்றிலையும் கொடுத்து, சாவகாசமாகச் சொன்னார்: "மாப்ளே, மூணு வருஷமா கம்பெனி கம்பெனிங்கிறீங்க. ஒரே ஒரு ஆர்டரைக் கண்ணுல காட்டுங்க. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள காட்டலேன்னா, சனிக்கிழமை காலையில கடைக்கு வந்துருங்க. குடம் விக்கிற பக்கம் ஆள் இல்ல."

குடம் என்றாலே குலசேகரனுக்கு உடம்பு நடுங்கும். வாங்க வருகிறவர்கள் ஒவ்வொரு குடமாகத் தட்டிப் பார்ப்பார்களே, அந்த 'டங்' சத்தம் கேட்டால் அவருக்குப் பல் கூசும். நாளெல்லாம் டங், டங். மனுஷன் என்ன செய்வார், பாவம்.

அவருக்கிருந்த ஒரே நம்பிக்கை 'மூணு மயில்' அப்பளக் கம்பெனி. ஆர்டர் எடுப்பதிலிருந்து அப்பளத்தை அனுப்புவது வரைக்கும் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்று அதன் முதலாளி கோமதியம்மாள் நினைத்தார். நாலு பேரும் தனித்தனியாகப் போய், அங்கே வேலை எப்படி நடக்கிறது என்று படம் போட்டுக் காட்டினார்கள். இருளப்பன் படத்தில் எல்லாம் தாமரைப்பூ. ஜெயசீலன் படத்தில் எல்லாம் கேள்விக்குறி. மாசிலாமணி ஒரு தாளில் 'பிறகு, பிறகு, பிறகு' என்று எழுதியிருந்தார். குலசேகரன் வெறும் முக்கோணமாகப் போட்டிருந்தார். அவர் வீட்டில் இருந்த அளவுகோலில் முக்கோண ஓட்டை மட்டும்தான் இருந்தது.

கோமதியம்மாள் நாலையும் பார்த்தார். தலையில் கை வைத்தார்.

"ஏய்யா, நாலு பேரும் ஒரே அப்பளத்தைப் பார்த்துத்தானே வரைஞ்சீங்க? உலகம் பூரா இதுக்குன்னு ஒரே குறியீடு இருக்காம்ல? என் மருமக சொன்னா. வேலை ஆரம்பிக்கிற இடத்துக்கு இன்ன படம், முடியிற இடத்துக்கு இன்ன படம்னு ஸ்டாண்டர்டா வச்சிருக்காங்களாம். நாலு பேரும் அதைக் கத்துக்கிட்டு, சேர்ந்து ஒரே படமாப் போடுங்க. இங்க நடக்கிறதுல ஒண்ணு விடக் கூடாது. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் பார்ப்பேன். புரிஞ்சுதுன்னா நாலு பேருக்கும் சேர்த்தே ஆர்டர் தாரேன்."

குலசேகரனுக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

அன்றைக்கே கூட்டம். ஸ்டாண்டர்டு புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து வந்து மாசிலாமணி உரக்கப் படித்தார்.

"மெல்லிசா ஒரு வட்டம், அது ஆரம்பம். தடியா ஒரு வட்டம், அது முடிவு. கட்டம் போட்டா ஒரு வேலை. காத்தாடி மாதிரி சாய்ஞ்ச சதுரம் போட்டா ஒரு கேள்வி. அதுல இருந்து ஆம்னு ஒரு அம்பு, இல்லைன்னு ஒரு அம்பு. அம்பு காட்டுற வழியிலதான் போகணும். ஒரு கம்பெனியில இருந்து இன்னொரு கம்பெனிக்குள்ள அம்பு போகக் கூடாது. தகவல் மட்டும் போகலாம், அதுக்கு அடையாளம் கடித உறை. அவ்வளவுதான்."

"ஒரு சந்தேகம்ணே," என்றார் ஜெயசீலன். "இது படத்துக்கு மட்டுமா, நமக்குமா?"

அதுவரைக்கும் யாருக்கும் இது தோன்றவில்லை.

"நாமளே கடைப்பிடிக்காததை அடுத்தவனுக்கு எப்படிய்யா விக்கிறது?" என்றார் மாசிலாமணி. "அப்ப நமக்கும்தான்."

சாயங்காலத்துக்குள் ஹாலை நாலாகப் பிரித்து மஞ்சள் பெயிண்டில் கோடு போட்டாயிற்று. ஒரு கம்பெனிக்காரர் கோட்டைத் தாண்டி இன்னொரு கம்பெனிக்குள் கால் வைக்கக் கூடாது. குழாய் மாசிலாமணி பக்கம் விழுந்தது. கழிப்பறை இருளப்பன் பக்கம்.

மறுநாள் காலையில் குலசேகரனுக்குத் தாகம். முறைப்படி 'தண்ணீர் வேண்டும்' என்று எழுதி, உறையில் போட்டு ஒட்டி, கோட்டுக்கு மேலாக நீட்டினார். மாசிலாமணி பிரித்துப் படித்தார், பதில் எழுதினார், ஒட்டிக் கொடுத்தார். குலசேகரன் ஆவலாகப் பிரித்தார். 'தங்கள் கடிதம் கிடைத்தது. தண்ணீர் இருக்கிறது' என்று இருந்தது.

"அண்ணே, எனக்குத் தண்ணி வேணும்ணே."

"தண்ணி இருக்குங்கிறது தகவல், குடுத்துட்டேன். தண்ணி தகவல் இல்லையே தம்பி. அது எப்படிக் கோட்டைத் தாண்டும்?"

இதைப் பற்றி ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. உறைக்குள் இருந்தால் அது தகவல்தான் என்று கடைசியில் இருளப்பன் தீர்ப்புச் சொன்னார். மாசிலாமணி ஒரு உறையில் தண்ணீரை ஊற்றி, ஒட்டி, நீட்டினார். வந்து சேர்ந்தது ஈர உறைதான். குலசேகரன் அதைச் சப்பினார். கொஞ்சம் பசை வாசம் அடித்தாலும் ஸ்டாண்டர்டு வேலை செய்கிறது என்று எல்லோருக்கும் பெருமையாக இருந்தது.

ஜெயசீலன் இருளப்பனுக்கு 'மிக மிக அவசரம்' என்று எழுதி அனுப்பிய கடிதத்துக்கு என்ன ஆனது என்று நான் சொல்லப் போவதில்லை. மத்தியானம் மாடிக் கம்பியில் ஜெயசீலன் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. அதோடு விட்டுவிடுவோம்.

வியாழக்கிழமை நாலு பேரும் அப்பளக் கம்பெனிக்குப் போனார்கள். பெரிய சிமெண்டுக் களம். ஒரு பாதியில் பாய் விரித்து அப்பளம் காய்ந்தது, மறு பாதி காலியாகக் கிடந்தது. ஒன்று விடக் கூடாது என்று முதலாளியம்மா சொல்லியிருந்தாரா, இவர்கள் தும்மலுக்கு ஒரு கட்டம், கொட்டாவிக்கு ஒரு கட்டம் என்று போட்டுக்கொண்டே போனார்கள். கொண்டுபோன தாள் அரை மணியில் தீர்ந்துவிட்டது.

"தரையிலயே போட்டுருவோம்," என்றார் இருளப்பன். ஓரமாக உளுந்த மாவு மூட்டை இருந்தது. மாவை அள்ளி, காலிக் களத்தில் படம் போட ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு ஆள் நிற்கிற அளவு.

அந்த நேரம் பார்த்து ஒரு காக்கா வந்து அப்பளத்தைக் கொத்தியது. அங்கே வேலை பார்க்கும் பேச்சியம்மா உள்ளேயிருந்து கத்தினார்: "அண்ணே, சும்மாத்தானே நிக்கிறீங்க, அந்தக் காக்காயை விரட்டுங்க!"

குலசேகரன் கையை ஓங்கினார். ஜெயசீலன் அந்தக் கையைப் பிடித்துவிட்டார்.

"காக்கா இந்தக் கம்பெனி ஆளா?"

"இல்லையே."

"வெளி ஆளு. வெளி ஆளுக்குத் தகவல்தான் அனுப்ப முடியும்."

அதுவும் சரிதான். மாசிலாமணி தாளை எடுத்தார். எப்படி ஆரம்பிப்பது என்று அடுத்த வாதம்.

"'ஏ காக்கா'ன்னு போடுங்கண்ணே."

"மரியாதையாப் போடணும்யா. அமாவாசைக்கு நாம சோறு வைக்கிறோம்ல, நம்ம தாத்தாவா இருந்தா என்ன பண்றது?"

'மதிப்பிற்குரிய காகம் அவர்களுக்கு, அப்பளத்தைக் கொத்த வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்' என்று எழுதி, ஒட்டி, பாயில் வைத்தார்கள். காக்கா தலையைச் சாய்த்துப் பார்த்தது. உறையைக் கவ்விக்கொண்டு பறந்துவிட்டது.

"பார்த்தீங்களா!" என்று இருளப்பன் துள்ளினார்.

கொஞ்ச நேரத்தில் காக்கா ஒன்பது சொந்தக்காரர்களோடு திரும்பி வந்தது. நேரில் பேச வந்திருக்கிறார்கள் என்று முடிவு செய்து நாலு பேரும் ஒதுங்கி நின்றார்கள். பேச்சியம்மா துடைப்பத்தோடு ஓடி வருவதற்குள் ஒரு பாய் அப்பளம் காலி.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி. கோமதியம்மாள் வந்தார். களம் முழுக்க உளுந்த மாவில் வட்டமும் கட்டமும் அம்பும். நாலு பேரும் வரிசையாக, ஒருவர் பின்னால் ஒருவராக, அம்பு காட்டிய வழியிலேயே நடந்து காட்டினார்கள். இவர்கள் முதலாளியம்மாவிடம் ஆர்டர் கேட்டதுதான் முதல் கட்டம், பிறகு அப்பள ஆர்டர் வந்தது, மாவு பிசைந்தது, உருட்டியது, காய வைத்தது, கொட்டாவி விட்டது, எண்ணியது, கட்டியது. கோமதியம்மாள் கூர்ந்து பார்த்தார். ஒரு ஆர்டர் இதே களத்தை மூணு தடவை சும்மா சுற்றி வருகிறது என்று அவருக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், படம் நிஜமாகவே சரியாக இருந்தது.

கடைசியில் ஒரு பெரிய சாய்ந்த சதுரம். 'முதலாளியம்மாவுக்குப் பிடித்திருக்கிறதா?' நாலு பேரும் அதில் போய் நின்றார்கள்.

"அட, பரவாயில்லையே!" என்றார் கோமதியம்மாள்.

ஒருத்தரும் அசையவில்லை.

"என்னய்யா நிக்கிறீங்க? வாங்க, ஆர்டர் தாரேன்."

"ஆம்னு ஒரு அம்பு இருக்கு, இல்லைன்னு ஒரு அம்பு இருக்கும்மா," என்றார் மாசிலாமணி வருத்தமாக. "பரவாயில்லைக்கு அம்பு போடலையே."

"நான்தான் ஆர்டரே தாரேங்கிறேன்ல!"

குலசேகரன் கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மா, என் வாழ்க்கை உங்க வாயில இருக்கு. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிருங்கம்மா."

"ஆமாய்யா, ஆமா!"

"ரெண்டு ஆமா சொல்றாங்களே, ரெண்டு தடவை போகணுமா?" என்றார் ஜெயசீலன். அவரை இருளப்பன் பின்னாலிருந்து தள்ளிவிட்டார். நாலு பேரும் 'ஆம்' அம்பில் நடந்தார்கள். கோமதியம்மாள் ஆர்டரில் கையெழுத்துப் போட்டார். கம்பெனி விட்டுக் கம்பெனி போகிறது என்பதால் உறையில் போட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு, உறைமேல் நாலு பேர் பெயரையும் எழுதி, ஒட்டி, குலசேகரன் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்தது தடித்த வட்டம். முடிவு. நாலு பேரும் அதற்குள் போய் நின்று ஒருத்தரை ஒருத்தர் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். குலசேகரன் உறையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இனி டங் இல்லை. மாமனார் முகத்தில் இதை எப்படி விசிறிக் காட்டுவது என்று யோசித்துக்கொண்டே காலை எடுத்து வெளியே வைக்கப் போனார்.

"எங்க போறீங்க?" என்றார் ஜெயசீலன். "முடிவு வட்டத்துல இருந்து வெளிய போற அம்பு எங்க இருக்கு?"

மாசிலாமணி ஜெராக்ஸைப் புரட்டினார். முடிவு வட்டத்திலிருந்து எந்த அம்பும் வெளியே போகக் கூடாது என்று தெளிவாகப் போட்டிருந்தது.

மணி பன்னிரண்டு ஆனது. ஒன்று ஆனது. வெயில் மண்டையைப் பிளந்தது. பேச்சியம்மா பரிதாபப்பட்டு மோர் கொண்டுவந்தார். உறையில் இல்லாததால் வாங்கவில்லை. குலசேகரன் ஆர்டரைத் தலைக்குமேல் குடையாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மூணு மணிக்கு மாசிலாமணிக்கு ஒன்று உதித்தது.

"ஆரம்ப வட்டத்துல இருந்து அம்பு வெளிய போகலாம்ல? நம்மளைச் சுத்தி மெல்லிசா இன்னொரு வட்டம் போடு. புதுசா ஆரம்பிச்சுருவோம்!"

என்ன மூளை! இருளப்பன் வேட்டி மடிப்பில் மிச்சமிருந்த மாவை எடுத்து நாலு பேரையும் சுற்றி மெல்லிய வட்டம் போட்டார். ஒரு அம்பும் போட்டார். வெளியே வந்தார்கள். ஆனால் ஆரம்பித்துவிட்டால் முதல் கட்டத்துக்குப் போய்த்தானே ஆக வேண்டும்? முதல் கட்டத்தில் 'முதலாளியம்மாவிடம் ஆர்டர் கேட்டல்' என்று இருந்தது.

"கையில இருக்கிற இது?" என்றார் குலசேகரன்.

"அது முடிஞ்சுபோன ப்ராசஸ்ல வந்தது. இதுல கலக்கக் கூடாது," என்றார் மாசிலாமணி.

நாலு பேரும் ஆபீஸ் வாசலில் போய் நின்று வணக்கம் சொன்னார்கள். "அம்மா, உங்க கம்பெனிக்கு சாஃப்ட்வேர் செய்ய ஆர்டர் கேட்டு வந்திருக்கோம்."

கோமதியம்மாள் நிமிர்ந்து பார்த்தார். வெயிலில் நாலு பேருக்கும் கழன்றுவிட்டது என்று நினைத்தார். "அதான் காலையிலயே நாலு பேருக்குக் குடுத்துட்டேனேய்யா."

குலசேகரன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். "குடுத்துட்டீங்களா? யாருக்கும்மா?"

"உங்களை மாதிரியே நாலு பேருக்குத்தான்," என்றார் அவர் அலுத்துப்போய். "போங்கய்யா, போய் மோர் குடிங்க."

"எங்களை விட நல்லா வரைஞ்சாங்களா?"

"இதே மாதிரிதான் வரைஞ்சாங்க. அச்சு அசல்!"

"நம்ம படத்தைக் காப்பி அடிச்சுட்டானுங்க," என்று மாசிலாமணி பல்லை நறநறவென்று கடித்தார். இருளப்பன் வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். அந்த நாலு பேரும் நாசமாய்ப் போக என்று ஜெயசீலன் மண்ணை வாரித் தூற்றினார். காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் மண் நாலு பேர் தலையிலும் விழுந்தது.

சனிக்கிழமை காலை குலசேகரன் பாத்திரக் கடையில் குடங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒரு அம்மா வந்து தட்டினார். டங். குலசேகரனுக்குப் பல் கூசி, கண்ணில் தண்ணீர் வந்தது. பார்த்துக்கொண்டிருந்த மாமனாருக்கே மனசு கேட்கவில்லை.

"ஆர்டர் என்னாச்சு மாப்ளே?"

"போச்சு மாமா. எங்களுக்கு முன்னாடி வேற நாலு பேரு வந்து தட்டிட்டுப் போயிட்டாங்க."

"சரி விடுங்க. சட்டைப் பையில என்ன அது, உறை?"

"அவங்களோட ஆர்டர்தான் மாமா. எப்படியோ நம்ம கைக்கு வந்துருச்சு. அடுத்தவங்க கடிதத்தைப் பிரிக்கலாமா? வழியில எங்கயாவது பார்த்தா குடுத்துருவோம்னு வச்சிருக்கேன்."

மாமனார் உறையை வாங்கி, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். மறுபடியும் ஒரு தடவை படித்தார்.

"மாப்ளே, இதுல உங்க நாலு பேரு பேருல்ல போட்டிருக்கு?"

"அதைத்தான் மாமா எங்களால தாங்க முடியல," என்றார் குலசேகரன். "படத்தைக் காப்பி அடிச்சதோட விடாம, பேரையும் வச்சுக்கிட்டானுங்க."