இடுகாட்டுக்குப் போன அனுமதி ஓலைகள்

வெகு காலத்துக்கு முன்பு ஆனைமேட்டு நாட்டைச் செம்மலையரசன் என்றொரு மன்னன் ஆண்டான். நினைத்தால் யானை தருவான். மறுநொடியே தலையைக் கேட்பான். அறுவடைதோறும் வீட்டுக்கு ஒரு மரக்கால் நெல் அரண்மனை மருந்துச்சாலைக்குப் போகும். நோய் வந்தால் அங்கிருந்து மருந்து வரும். ஆனால் அதிகாரி காளிங்கரின் அனுமதி ஓலை வராமல் வைத்தியர் மருந்துப்பெட்டியைத் திறக்கக் கூடாது.

ஒரு நண்பகல், இலைகூட அசையாத வேளையில், சபைக்குள் சரசரவென்று சத்தம் கேட்டது. காய்ந்த விரல்களை யாரோ உரசுவது போல. அன்றுமுதல் தினமும் கேட்டது. இடுகாட்டுப் பக்கமிருந்து வந்தது.

"இதை நிறுத்துகிறவன் கேட்டதைத் தருவேன். நிறுத்துகிறேன் என்று சொல்லித் தோற்றால் தலை போகும்" என்றான் மன்னன்.

ஓலை கொண்டுபோகும் கூத்தன் முன்னால் வந்தான். அவன் மனைவி நாச்சி எட்டு நாளாகக் காய்ச்சலில் கிடந்தாள்.

"சத்தம் போடுகிறவர்கள் நோயாளிகள், மகாராஜா. அந்த நோயாளிகளுக்கு வைத்தியம் தருவதாகக் காளிங்கர் ஐயா சபையில் வாக்குக் கொடுத்தால் போதும்."

காளிங்கர் சிரித்தார். "ஓலை சுமக்கிறவனுக்குச் சபையில் பேச ஆசை வந்துவிட்டது! நான் யாருக்கடா மறுத்தேன்? ஒருவருக்கும் இல்லை. கூட்டி வா, தருகிறேன். இது வாக்கு."

மறுநாள் கூத்தன் இரண்டு பெரிய கூடைகளைச் சபை நடுவே கவிழ்த்தான். எல்லாம் ஓலைகள். அன்று இடுகாடு அமைதியாக இருந்தது. சத்தம் சபைக்குள் இருந்தது.

"முத்திரை குத்திய ஓலை திரும்பி வரக் கூடாது, உரியவரிடமே சேர வேண்டும் என்பது தங்கள் சட்டம். நான் போகும்போது உரியவர்கள் மண்ணுக்குள் இருந்தார்கள். தலைமாட்டில் வைத்துவிட்டு வந்தேன்" என்றவன், வாசிக்கத் தொடங்கினான்.

"தறிகாரர் வெள்ளிமலை, நெஞ்சுவலி. தையில் கேட்டார், ஆனியில் அனுமதி."

குவியலில் ஓர் ஓலை தானாக அசைந்தது.

"குயவர் வீட்டு மாரி, பிரசவத்தில் ரத்தப்போக்கு. செவ்வாயன்று கேட்டாள், சனியன்று அனுமதி."

இன்னொன்று புரண்டு படுத்தது.

மன்னன் எழுந்துவிட்டான். "காளிங்கரே, வாக்குக் கொடுத்தீரே. வைத்தியம் தாரும்."

"செத்தவர்களுக்கு... எப்படி, மகாராஜா?"

"உயிரோடு ஒருத்தி இருக்கிறாள், ஐயா" என்றான் கூத்தன். "என் நாச்சி. அவள் ஓலை இன்னும் உங்கள் பலகையில் கிடக்கிறது."

"வைத்தியரே, ஓடும்! ஓலை பின்னால் வரட்டும்!" என்று மன்னன் கத்தினான்.

வைத்தியர் போய்த் தொட்டபோது நாடி நூலாக இருந்தது. ஆனால் அறுந்துபோகவில்லை. நாச்சி பிழைத்தாள்.

கூத்தன் கேட்ட வரம் சட்டமானது: வைத்தியர் பார்த்துச் சொன்னால் அதுவே அனுமதி. கத்தி வைக்கும் வைத்தியத்துக்கு மட்டும் ஓலை. அதுவும் ஒரு நாழிகைக்குள் வராவிட்டால் வந்ததாகவே கொள்ளலாம். காளிங்கர் பதவியிழந்து, இடுகாட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு பெயரையும் உரக்க வாசித்து ஓலைகளைத் தீயிலிட்டார். கடைசி ஓலை எரிந்ததும் சத்தம் நின்றது.

பல வருடம் கழித்துக் காளிங்கர் நோயில் விழுந்தார். வைத்தியர் மருந்தோடு ஓடிவந்து குனிந்தார். காளிங்கர் மருந்துக்கு வாயைத் திறக்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவர், கடைசியில் மெதுவாகக் கேட்டார்:

"ஓலை வந்துவிட்டதா?"