நின்றபடி பார்த்த பழுது

"இந்தப் பெட்டி என்னைக் கொல்லாம விடாது, டீச்சர்."

குழந்தைசாமி கணினிப் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்தார். வயது ஐம்பத்திரண்டு. மில் மூடிய பிறகு ஷமீமாவிடம்தான் கணினி பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டார். குருவுக்கு முப்பத்தொன்று.

ஷமீமா பெட்டியைப் பார்க்கவில்லை. வந்தவரைப் பார்த்தார்.

"என்னென்ன மாத்தினீங்கண்ணே?"

"மெமரி, பவர் சப்ளை, ஃபேன், ஹார்டு டிஸ்க். மாத்தாதது வெளித் தகரம் ஒண்ணுதான். என் கடையில மூணு நாள் முழுக்க ஓடுது. அமலோற்பவம் அம்மா வீட்டுல போட்டா அரை மணி நேரத்துல பொட்டுனு அணைஞ்சுடுது. ஆறு தடவை தூக்கியாச்சு. இது ஏழாவது."

அமலோற்பவம் ஒரு வக்கீலுக்கு வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து கொடுப்பவர். இன்னொரு முறை வேலை பாதியில் நின்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக வக்கீல் சொல்லிவிட்டார்.

"அவங்க வீட்டுக்காரர் படம் பார்த்தா நிக்கிறதில்ல. அந்தம்மா உட்கார்ந்தாத்தான் நிக்குது. உங்களுக்குக் கைராசி இல்லம்மான்னு சொல்லிட்டேன். வேற என்னத்தச் சொல்ல?"

"அந்த வீட்டுல எங்கே உட்கார்ந்து பார்த்தீங்க?"

"உட்காரவே இல்லையே. நின்னபடியே கழட்டுவேன், பெட்டியை மட்டும் தூக்கிட்டு வருவேன். வயரெல்லாம்தான் நம்ம கடையிலயே இருக்கே."

ஷமீமா எழுந்து தம் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார்.

"உட்காருங்க."

உட்கார்ந்தார். ஒரு டீ வந்தது. குடித்தார்.

"அலுப்பு தீர்ந்துச்சா?"

"கொஞ்சம்."

"அப்ப பெட்டியை எடுத்துட்டுக் கிளம்புங்க."

இதற்கா ரெண்டு பஸ் மாறி வந்தோம் என்று குழந்தைசாமிக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் குருவாயிற்றே. வாயை மூடிக்கொண்டு கிளம்பினார்.

அமலோற்பவம் வீட்டில் பெட்டியை மாட்டினார். ஓடியது. நிற்கத் தெம்பில்லாமல் அந்த அம்மாளின் நாற்காலியிலேயே தொப்பென்று உட்கார்ந்து காலை நீட்டினார்.

திரை இருண்டது.

குனிந்து பார்த்தார். அவர் கால் பட்ட இடத்தில் மின்வயர் தொங்கியது. அதன் முனை பிளக்கில் ஆடியது.

"படம் பார்க்குறப்ப ஐயா இதுல எப்படிம்மா உட்காருவாரு?"

"அவரா? காலை மடக்கிச் சம்மணம் போட்டுத்தான்."

குழந்தைசாமி சற்று நேரம் மேசைக்கடியிலேயே இருந்தார். வெளியே வர வெட்கமாக இருந்தது.

புது வயரும் பிளக்கும் போடக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. காலால் உதைத்துக்கூடப் பார்த்தார். பெட்டி அசையாமல் ஓடியது. வாசலுக்கு வந்து ஷமீமாவைப் போனில் கூப்பிட்டார்.

"வயர்தான் டீச்சர். சரி பண்ணிட்டேன்."

"அவங்க வேலையை ஆரம்பிச்சுட்டாங்களா?"

"இல்ல. கிட்டவே வர மாட்டேங்கிறாங்க. தனக்குக் கைராசி இல்லையாம், தன் கை பட்டா நின்னுடுமாம். வக்கீல் காகிதத்தையெல்லாம் திருப்பிக் கொடுக்கக் கட்டி வச்சுட்டாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர். நீங்க சொன்னா நம்புவாங்க."



"அந்தப் பழுதை வச்சது நான் இல்லையே, அண்ணே."