சிரட்டை வாசலில் பாராட்டு விழா

குழந்தைகளே, ஒரு வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில், மூன்றடி நீளத்துக்கு ஒரு காடு இருந்தது. நான்கு பக்கமும் கண்ணாடி. உள்ளே தண்ணீர்.

அந்தக் காட்டில் ஒரு மீசைக் கெளுத்தி குடியிருந்தது. ஓட்டை போட்ட தேங்காய்ச் சிரட்டைதான் அதன் வீடு. சிரட்டைக்குள் அறுபது முட்டைகள் ஒட்டியிருந்தன. "போட்டது நான், பார்த்துக்கொள்வது நீ" என்று சொல்லிவிட்டு அதன் மனைவி பாசி தின்னப் போய்விட்டது. அந்தக் குடும்பத்தில் அதுதான் வழக்கம்.

அப்பா கெளுத்தி நான்கு நாளாகத் துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தது. தண்ணீர் ஓடாமல் நின்றால் முட்டைகள் மூச்சுமுட்டிச் செத்துவிடும். வெளுத்துப்போன முட்டையைக் கூட்டத்தில் விட்டால் மற்றவையும் கெடும். அதனால் அப்படிப்பட்டதை வாயால் கவ்வி வெளியே துப்பிவிடும்.

துப்பிய ஒன்றை அதே தொட்டியில் இருந்த ஏஞ்சல் மீன் தின்று பார்த்தது. 'கெட்டதே இவ்வளவு ருசியா!' என்று நினைத்தது. அன்றிலிருந்து அதற்குக் கெளுத்தியின் மேல் அளவில்லாத மரியாதை உண்டானது.

ஐந்தாம் நாள் மழையில் மின்சாரம் போனது. காற்றுக் குழாயில் குமிழிகள் நின்றன. கெளுத்தி இரண்டு மடங்கு வேகமாக விசிறியது. மதியத்துக்குள் துடுப்பு மரத்துப்போனது. முட்டைகள் பொரிய இன்னும் ஒரு நாள் இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஏஞ்சல் மீன் வந்தது.

"கெளுத்தியாரே, உங்களுக்குச் 'சிறந்த தந்தை' விருது! நடுத்தொட்டியில் விழா. நத்தையார் தலைமை. கொஞ்சம் வெளியே வந்துவிட்டுப் போங்கள்."

"முட்டைகளை யார் பார்ப்பது?"

"நான் இருக்கிறேனே! எனக்கு முட்டை என்றால் உயிர்."

"தெரியும்" என்ற கெளுத்தி, மரத்துப்போன துடுப்பை ஒருமுறை பார்த்தது. "விழாவை என் வாசலில் வையுங்கள். எல்லோரும் வாசலை ஒட்டி நிற்கட்டும். வாக்கியத்துக்கு ஒருமுறை வால் தட்ட வேண்டும். தட்டல் ஓய்ந்தால் அவமானமாக எடுத்துக்கொள்வேன்."

"கடைசியிலாவது வெளியே வருவீர்களா?"

"கடைசியில் வருவேன்."

இருபது கப்பி மீன்கள் வந்தன. எதற்காக விழா என்று அவை கேட்கவில்லை. முன்வரிசை எது என்று மட்டும் கேட்டன.

நத்தை தொண்டையைச் செருமிக்கொண்டது. "அவையோருக்கு வணக்கம். நான் இந்தத் தொட்டிக்கு எப்படி வந்தேன் என்றால்..."

வால்கள் படபடத்தன. அலை சிரட்டைக்குள் புகுந்து முட்டைகளைத் தடவிச் சென்றது. கெளுத்தி துடுப்பை மடக்கிக்கொண்டு படுத்தது.

"என்னடி, இன்னும் கெளுத்தி பேரே வரவில்லையே?" என்றது ஒரு கப்பி.

"வாயை மூடிக்கொண்டு வாலைத் தட்டு. முடிந்ததும் புழு உண்டாம்" என்றது இன்னொன்று.

ஏஞ்சல் மீன் களைத்தபோதெல்லாம் உள்ளேயிருந்து குரல் வந்தது. "பெரிய துடுப்புக்காரர் தட்டுவது கேட்கவில்லையே. மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது." ஏஞ்சல் மீன் எரிச்சலை விழுங்கிக்கொண்டு இன்னும் பலமாகத் தட்டியது.

நத்தையின் உரை பதினெட்டு மணி நேரம் நடந்தது. அதில் கெளுத்தியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. "முன்னுரையை இத்துடன் முடித்துக்கொண்டு..." என்று அது சொன்னபோது மின்சாரம் வந்தது. குமிழிகள் கிளம்பின. சிரட்டைக்குள் ஐம்பத்தெட்டுக் குஞ்சுகள் பொரிந்து, உறிஞ்சும் வாயால் கூரையைப் பிடித்துத் தொங்கின.

கெளுத்தி சொன்னபடியே வெளியே வந்தது. ஏஞ்சல் மீன் உள்ளே பாய்ந்தது. பாதி உடம்பு போனது, மீதி போகவில்லை.

ஏஞ்சல் மீனின் உயரம் ஒரு சாண். சிரட்டை வாசல் மூன்று விரல். திட்டம் போட்டபோது இந்த விவரம் அதன் நினைவுக்கு வரவில்லை. சிக்கிய இடத்தில் வாயைத் திறக்கவும் வழியில்லை. "ம்ம்! ம்ம்!" என்றது.

"விழா நடுவில் யார் அங்கே சத்தம் போடுவது?" என்று நத்தை அதட்டியது.

புதுச்சுவர் ஒன்று முளைத்திருப்பதாக நினைத்து, குஞ்சுகள் ஏஞ்சல் மீனின் கன்னத்தில் வரிசையாக ஒட்டிக்கொண்டன.

விழாவில் தனக்குப் போர்த்த அவர்கள் கொண்டுவந்திருந்த பாசிப் பொன்னாடையைக் கெளுத்தி எடுத்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த வாலுக்குப் போர்த்தியது. கப்பிகள் தட்டின.

நீதி: பாராட்ட வருபவரை வாசலிலேயே நிறுத்திக் கையில் விசிறியைக் கொடு.