அதுவே திறந்துகொண்ட பூட்டுகள்

ரொம்ப ரொம்ப முன்னால் நீர்முள்ளி நாடு என்று ஒரு நாடு இருந்தது. அதைக் கொண்டல்ராயர் என்ற ராஜா ஆண்டார். ஆண்டார் என்று நான் சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். காலையில் ஒரு கட்டளை போடுவார், மத்தியானச் சாப்பாட்டோடு அதை மறந்துவிடுவார். நாடு அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

ஒரே ஒரு கட்டளையை மட்டும் அவர் மறக்கவில்லை. கிழக்கு வாசலில் நூறு முழத்துக்கு ஒரு சுவர் எழுப்பி, வெள்ளையடித்து, முரசறையச் சொன்னார். "அரண்மனையில் வேலை பார்க்கும் ஒவ்வொருவரும் தான் செய்த காரியத்தைத் தானே இங்கே கரியால் எழுத வேண்டும். படித்துப் பிடித்துப்போனவர்கள் அடியில் மஞ்சள் பொட்டு வைக்கலாம். பௌர்ணமி விருந்துக்குள் ஒரு வரிகூட எழுதாதவருக்கு வேலையும் இல்லை, அரண்மனை வீடும் இல்லை."

அவ்வளவுதான், ஊரே கரிக்கட்டையும் கையுமாக அலைந்தது. அரசவைப் பிரமுகர் கோலப்ப பூபதி முதல் நாளே எழுதினார்: "இன்று காலை நான் எழுந்தேன். எழுவது எளிதல்ல. ஆனாலும் எழுந்தேன்." அதற்கு இருநூறு பொட்டு விழுந்தது. பாதிப் பொட்டு அவருடைய வேலைக்காரர்கள் வைத்தது.

எழுதாமல் தவித்தது பூட்டுக்காரி தைலம்மை ஒருத்திதான். அரண்மனையில் எந்தப் பூட்டு சிக்கினாலும் அவள்தான் வந்து திறப்பாள். திறந்த கையோடு, யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்வதற்குள், "நான் ஒண்ணும் செய்யல, அதுவே திறந்துக்கிச்சு" என்று சொல்லிவிட்டு நழுவிவிடுவாள். அவர்கள் தெருவில் அப்படித்தான் பழக்கம். பிறத்தியார் பெட்டியைத் திறக்கிறவர்கள் வாயைத் திறக்கக்கூடாது.

அவளும் தினம் சுவருக்குப் போனாள். "நான்" என்று எழுதுவாள். உடம்பெல்லாம் கூசும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு வீட்டுக்கு ஓடிவிடுவாள். ஒன்பது நாள் துடைத்ததில் சுவரிலேயே அந்த இடம்தான் பளிச்சென்று இருந்தது. எழுத்தே இல்லாத அந்த இடத்துக்கும் யாரோ ஒரு புண்ணியவான் மஞ்சள் பொட்டு வைத்துவிட்டுப் போயிருந்தான்.

பத்தாம் நாள் பூபதி புதிதாக எழுதினார்: "வடக்கு வாசல் பூட்டு, மகாராணியின் நகைப்பெட்டி, யானைக் கொட்டடித் தாழ்ப்பாள். மூன்றும் தாமே திறந்ததாக ஊர் சொல்கிறது. நான் பக்கத்தில் நின்றதால்தான் திறந்தன என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்." முந்நூறு பொட்டு.

ராஜா பூரித்துப்போனார். "பூபதி நின்றாலே பூட்டு திறக்கிற நாட்டில் பூட்டுக்காரி எதற்கு? விருந்தன்று அவருக்குப் பட்டம். தெற்குத் தெருவில் அவள் பட்டறை வைத்திருக்கும் அரண்மனை வீட்டை அவர் மைத்துனருக்குக் கொடுத்துவிடலாம்."

சேதி தைலம்மை காதுக்கு வந்தது. நேரே மந்திரி சாத்தப்பரிடம் போய் அழுதாள். "ஐயா, அந்த மூணும் நான் திறந்தது. வீடு போயிட்டா பட்டறைய எங்கே கொண்டுபோய் வைப்பேன்?"

"இதைச் சுவரில் எழுதேன்."

"தற்பெருமை மாதிரி இருக்குங்களே. தொழிலுக்கும் துரோகம்."

"பெட்டிக்குள் என்ன இருந்தது என்று சொன்னால்தான் துரோகம். திறந்தது யார் என்று சொல்வதில் என்ன தப்பு? நீ சொல்லாமல் விட்ட இடத்தில்தான் பூபதி பாய் விரித்துப் படுத்திருக்கிறார்." சாத்தப்பர் தாடியை நீவினார். "உன் பட்டறையிலேயே கெட்டியான பூட்டு ஒன்று கொடு. பாதி வேலையை நான் செய்கிறேன். உன் பெயரை மட்டும் நான் சொல்லமாட்டேன். அது உன் பாதி."

பௌர்ணமி விருந்து வந்தது. இலை போட்டு, பதினாறு கறி வைத்து, நெய் மணக்க எல்லோரும் உட்காரும்போது சாத்தப்பர் எழுந்தார். "மகாராஜா, பூட்டை வென்றவருக்குப் பொற்சங்கிலி மரியாதை செய்ய வேண்டாமா?" என்று கேட்டு, பூபதியை மண்டபத் தூணோடு சேர்த்துச் சங்கிலியால் சுற்றி, தைலம்மையின் பூட்டைப் போட்டார். பூபதி கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

"சரி, திறந்துகொண்டு வந்து உட்காரும். பாயசம் ஆறுகிறது" என்றார் ராஜா.

பூபதி பூட்டை முறைத்தார். பூட்டு அசையவில்லை. குனிந்து கொஞ்சினார், அதட்டினார். அவருடைய இலையில் அப்பளம் நமுத்தது.

"பக்கத்தில்தானே நிற்கிறீர்?" என்றார் ராஜா.

"ரொம்பப் பக்கத்தில் நின்றுவிட்டேன் போலிருக்கிறது, மகாராஜா."

சபை விழுந்து விழுந்து சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. "அப்படியானால் அந்த மூன்று பூட்டையும் திறந்தது யார்?"

சாத்தப்பர் கறிவேப்பிலையை ஒதுக்குவதிலேயே கண்ணாக இருந்தார். தைலம்மை அவரையே பார்த்தாள். அவர் நிமிரவே இல்லை. பட்டறை வீட்டை நினைத்துக்கொண்டு எழுந்தாள், தூணுக்கு நடந்தாள், கொண்டையிலிருந்து ஒரு கம்பியை உருவிப் பூட்டில் விட்டாள். டக்கென்று சங்கிலி கழன்று விழுந்தது.

"எப்படித் திறந்தது?" என்று கேட்டார் ராஜா.

"அதுவே..." என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தவள் நிறுத்தினாள். "நான் திறந்தேன், மகாராஜா. அந்த மூணையும் நான்தான் திறந்தேன்."

கூரை இடிந்து விழவில்லை. யாரும் முகம் சுளிக்கவுமில்லை. "இதை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே, அம்மா. சபையில் சொன்னதும் சுவரில் எழுதிய கணக்குத்தான்" என்றார் ராஜா. பட்டறை வீட்டை அவள் பெயருக்கே எழுதிக்கொடுத்தார். பட்டம் அவளுக்கு. மைத்துனருக்கு அந்த ஆறிய பாயசம்.

மறுநாள் சுவரில் பூபதி எழுதியிருந்தார்: "நேற்று ஒரு தூணோடு கட்டப்பட்டேன். அதில் நான் கற்ற பாடங்கள் ஐந்து." ஒரு பொட்டுகூட விழவில்லை. பாவமாக இருந்ததால் தைலம்மை ஒன்று வைத்தாள்.

பிறகு தான் துடைத்துத் துடைத்துப் பளிச்சென்று ஆக்கியிருந்த இடத்துக்குப் போனாள். கரியை எடுத்தாள். "பூட்டு சிக்கினால் தெற்குத் தெருவுக்கு வாருங்கள். நான் திறப்பேன். தைலம்மை" என்று எழுதினாள். கொஞ்சம் கூசத்தான் செய்தது. ஈரத்துணியை அன்றைக்கு வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள்.