வாய் திறக்காமல் சொன்ன நான்கு வார்த்தைகள்

அந்த வெள்ளிக்கிழமை மில் ஆபீசில் இருந்தவர்கள்: மேனேஜர் சந்திரமௌலி, டைப்பிஸ்ட் ஹேமா, கிளார்க்குகள் நான்கு பேர், வாட்ச்மேன் ஆறுச்சாமி, டீ, காபி போடும் தெய்வாத்தாள். மொத்தம் எட்டு.

"இனிமே இங்கிலீஷ் தெரிஞ்சாத்தான் வேலை" என்ற மேனேஜர், போர்டில் எழுதி வாசித்தார்: அரோமா, ஃப்ரேக்ரன்ஸ், ஓடர், ஸ்டென்ச். "நாலும் மூக்கு சமாச்சாரம்தான், ஆனா வேற வேற. தெய்வாத்தா, வித்தியாசம் சொல்லு. தமிழ்ல ஒரு வார்த்தை வந்தாலும் நாளைக்கு வராதே!"

"ஐயோ, அக்காவா?" என்று பதறினாள் ஹேமா.

ஆபீசில் பதினெட்டு நாள் நடந்த இங்கிலீஷ் வகுப்புக்கு டீ கொண்டுவந்து, எல்லாவற்றையும் காதில் வாங்கியவள் தெய்வாத்தாள். அவள் பேசவே இல்லை. ஆவி பறக்கும் காபியை மேனேஜரின் மூக்கருகே நீட்டி, முதல் வார்த்தையைத் தொட்டாள். ஹேமாவின் மல்லிகையைக் காட்டி இரண்டாவதைத் தொட்டாள். பினாயில் பாட்டிலைத் திறந்து மூன்றாவதைத் தொட்டாள். கிளார்க்குகள் கைதட்டினார்கள்.

"கடைசி வார்த்தைக்கு என்ன பண்ணுவே?" என்று மேனேஜர் சிரித்தார்.

ஆபீசில் வெள்ளிக்கிழமைதோறும் நடக்கும் பூஜையில் யாரும் செருப்போடு நிற்பதில்லை. அவள் சூடத்தை ஏற்றித் தட்டை மேனேஜரிடம் கொண்டுபோய், அவர் காலைப் பார்த்தபடி நின்றாள். வேறு வழியின்றி அவர் ஷூவைக் கழற்றினார்.

அவள் போர்டைத் தொடுவதற்குள், "ஸ்டென்ச்!" என்று கத்திக்கொண்டு எல்லோரும் வெளியே ஓடினார்கள். அவளும் ஓடினாள்.

"ஏனுங் சார், நாளைக்கு வரட்டுங்களா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"வாம்மா, கட்டாயம் வா! இப்ப உள்ளே வந்து ஃபேனைப் போடு!"

யாரும் போகவில்லை. உள்ளே மீந்தவர் ஒருவர்.