மௌனியின் நாட்குறிப்பு

உரைக்கும் சொல்லாகவும் அச்சொல் ஓயும் இடமாகவும் விளங்கும் பெருமானே, நின் திருவடி முன் நிற்க. இக்கதை அதன் பின் வருக.

மௌன விரதத்தின் நாற்பத்தேழாம் நாள் பிற்பகலில், சிற்சபேசனார் சினம் பொங்கக் குருவின் முன் வந்து அமர்ந்தார்.

அவருக்கு வயது அறுபத்திரண்டு. மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குரு பூங்கோதை அம்மையாருக்கு நாற்பத்தைந்து.

அந்த மடத்தில் ஒரு விதி உண்டு. நாற்பத்தெட்டு நாள் வாய் திறவாதவருக்கே தீட்சை. இடையில் ஒரு சொல் பேசினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எழுதுவதற்குத் தடையில்லை.

அம்மையாருக்குக் கண்ணில் அறுவை நடந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. கட்டு இன்னும் பிரிக்கவில்லை; படிக்க முடியாது. ஆகவே படித்துச் சொல்ல மடத்துச் சமையற்காரர் கயிலைநாதன் அருகில் இருந்தார்.

சிற்சபேசனார் கைபேசியில் தட்டி நீட்டினார். கயிலைநாதன் உரக்கப் படித்தார்.

"'அம்மா, நாட்குறிப்பு எழுத மூன்று செயலிகள் வைத்திருக்கிறேன். மூன்றும் உதவாக்கரை. முதலாவதில் பூட்டு உண்டு. ஆனால் கைபேசியில் எழுதியது டேப்லெட்டில் வருவதில்லை. இரண்டாவதில் எழுதியது இரண்டிலும் வருகிறது, பூட்டு இல்லை. மூன்றாவதில் எல்லாம் உண்டு; எழுதியதைத் தானே வாசித்தும் காட்டும். ஆனால் மணிக்கொரு தரம் "இப்போது எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்டு உயிரை வாங்குகிறது. ஆயுள் முழுதும் எழுதப்போகிறேன். எதை வைத்துக்கொள்வது?'"

"எப்படி இருக்கிறேன் என்று பதில் போடுகிறீர்கள், ஐயா?" என்றார் கயிலைநாதன்.

சிற்சபேசனார் முறைத்தார்.

"பூட்டு எதற்கு?" என்று கேட்டார் அம்மையார்.

கைபேசி மீண்டும் நீண்டது.

"'இந்த மடத்தில் எல்லாருக்கும் மூக்கு நீளம்.'" படித்த கயிலைநாதன் கைபேசியைப் பாயில் வைத்துவிட்டுத் தம் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"மூன்றாவது எப்படி வாசிக்கிறது என்று கேட்போம். கேளாமல் நான் என்ன சொல்வது?"

சிற்சபேசனார் தயங்கினார். முதல் நாள் எழுதியது நல்ல குறிப்பு என்பது அவருக்கு நினைவிருந்தது. உடன் கொண்டுவந்த டேப்லெட்டில் அதைத் திறந்து, வாசிக்கும் குறியைத் தொட்டார்.

இளம்பெண் ஒருத்தியின் குரல் எழுந்தது. சினமே அறியாத குரல்.

"முதல் நாள். மௌனம் தொடங்கியது. நெஞ்சில் பேரமைதி."

அம்மையார் தலையசைத்தார். சிற்சபேசனார் நிறுத்தும் குறியைத் தேடி இரண்டு இடங்களில் தொட்டார். குரல் அடுத்த குறிப்புக்குப் போயிற்று.

"மூன்றாம் நாள். சோறு குழைந்துவிட்டது. கயிலைநாதன் சமையற்காரன் அல்லன், பசித்தவர்க்குப் பகைவன்."

"அன்றைக்குக் குழைந்தது உண்மைதான்," என்றார் கயிலைநாதன்.

"பதினோராம் நாள். பக்கத்துப் பாயில் படுத்தவன் குறட்டை விடுகிறான். பகலெல்லாம் மௌனம், படுத்தால் இடி. இவனுக்கும் தீட்சையாம்."

சிற்சபேசனார் திரையைத் தேய்த்தார்.

"இருபதாம் நாள். என்னைவிடப் பதினேழு வயது இளையவள் எனக்கு அமைதி கற்பிக்க வந்துவிட்டாள். ஒரு மின்கம்பத்தில் ஏறத் தெரியுமா அவளுக்கு?"

"தெரியாது," என்றார் அம்மையார்.

சிற்சபேசனாரின் முகம் சிவந்தது. திரையைக் குத்தினார். குரல் உரத்ததே தவிர நிற்கவில்லை.

"முப்பத்தோராம் நாள். மகள் உமையாள் கடிதம் எழுதியிருக்கிறாள். என் சொல்லை மீறி மணந்தவள். ஒன்பது ஆண்டுகளாக அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. கடிதத்தைப் பிரிக்காமல் கிழித்தேன். அவள் வாழ்ந்தால் எனக்கென்ன, செத்தால் எனக்கென்ன."

அந்தக் குரலில் அதைக் கேட்கையில், தகப்பன் எழுதியதை மகளே வாசிப்பது போலிருந்தது.

"முப்பத்திரண்டாம் நாள். உமையாள்..."

"நிறுத்து."

சொன்னவர் சிற்சபேசனார்.

கயிலைநாதன் எட்டி ஒரு குறியைத் தொட்டார். குரல் நின்றது.



"ஐயா, நாளைக்குத் தீட்சை," என்றார் கயிலைநாதன் மெல்ல.

சிற்சபேசனார் எழுந்துவிட்டார்.

"நாற்பத்தேழு நாள், அம்மா. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். ஒரு கருவியைப் பேசவிட்டு என் விரதத்தைக் கெடுத்துவிட்டீர்கள். ஒரு குரு செய்கிற வேலையா இது?"

"கருவி தன் சொல்லாக ஒன்றும் பேசவில்லையே, ஐயா."

"அப்படியானால் நாளைக்குத் தீட்சை இல்லை?"

"விதி உங்களுக்குத் தெரியும். முதலிலிருந்து."

"சரி. இன்றே தொடங்குகிறேன். இந்த நொடியே வாயை மூடுகிறேன். இன்னும் நாற்பத்தெட்டு நாள், அவ்வளவுதானே?"

"இன்று வேண்டாம். நாளைக் காலை தொடங்குங்கள்."

"ஏன்? இன்றைக்கு என்ன குறை?"

அம்மையார் பாயைத் தடவினார். கீழே கிடந்த கைபேசி கையில் பட்டது. அதை எடுத்து அவர் நின்ற பக்கம் நீட்டினார்.

"பொழுது சாய இன்னும் இரண்டு நாழிகை இருக்கிறது. அதுவரை நீங்கள் பேசலாம்."

இதைச் செவிமடுத்தோர் எவராயினும் அவர் இல்லத்தில் பகை தணிக. பிரிந்த உறவு வாயில் தேடி வருக. ஈசன் அருள் அவர்க்கு என்றும் துணை நிற்க.